கறளும் கறுத்த குழலும்

வாப்பா விட்டுச்சென்ற ரெட்டைக்குழல் துவக்கு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. அலவத்துகொடவில் எங்கள் காணி மிளகும் கராம்பும் உள்ள சரிவு நிலம், காட்டுப்பன்றி இறங்கும். அதற்காகவே லைசன் எடுத்தது. 1916ஆம் ஆண்டுச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் புதுப்பித்து வருகிறேன்.

ஒரு வருடம் ஐப்பசி மழை தொடங்கியதும் துவக்கைத் தோல் உறையில் போட்டு அலுமாரியில் வைத்துவிட்டேன். இரண்டு மாதம் கழித்து எடுத்தால், தோல் பட்ட இடமெல்லாம் செம்பழுப்பாகக் கறள். தோல் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு ஒட்டவைத்துக்கொள்ளும் என்று அப்போது எனக்குத் தெரியாது. பதற்றத்தில் மண்காகிதத்தால் தேய்த்தேன். கறளோடு கருநீலப் பூச்சும் போய், குழலில் வெள்ளைத் திட்டுகள் விழுந்தன. வாப்பாவின் கை பட்ட பொருளை நானே கெடுத்தேனே என்ற வருத்தம் இன்றும் உண்டு.

அதற்குப் பிறகுதான் அந்தப் பூச்சு என்னவென்று கேட்டறிந்தேன். புளூயிங் என்பது வர்ணமல்ல. உருக்கின் மேற்பரப்பையே கறுத்த இரும்பு ஒட்சைட்டாக மாற்றுவது. கறளுக்குத் தம்பி முறை என்று சொல்லலாம், ஆனால் இறுகப் பிடித்து நிற்பது. கனமோ மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். தனியே நின்று அது ஈரத்தைத் தடுக்காது. எண்ணெயைப் பிடித்து வைப்பதே அதன் வேலை. எண்ணெய் காய்ந்தால் காவலும் போயிற்று.

திட்டுகளை மறைக்க, புளூயிங் செய்யும் கொதிக்கும் காரக் குளியலில் போட்டுத் தரச் சொல்லி ஒரு திருத்துநரிடம் கொண்டுபோனேன். அவர் வாங்க மறுத்தார். பழைய ரெட்டைக்குழல்களை ஒட்டியிருப்பது ஈயப் பற்று. காரம் அதைத் தின்று குழல்களைப் பிரித்துவிடும் என்றார். இவற்றுக்கு மெல்லக் கறள் பிடிக்கவைத்து, கொதிநீரில் இட்டு, துலக்கி, திரும்பத் திரும்பச் செய்யும் பழைய முறையே பொருந்தும். அவர் அன்று தடுத்திராவிட்டால் துவக்கே இல்லை.

தேங்காய் எண்ணெய் பூசும் பழக்கமும் எனக்கு இருந்தது. 24 பாகை செல்சியசுக்குக் கீழே அது உறையும். எங்கள் மார்கழி விடியலுக்கு அதற்கும் குறைந்த குளிர். உறையாத நாளிலும் நாளடைவில் பிசினாகும். விசைப் பகுதியில் அது இறுகிக் கிடந்ததைப் பார்த்த பிறகு துவக்கு எண்ணெய் தவிர வேறெதையும் தொடவிடுவதில்லை.

இரத்தினக்கல் வியாபாரம் செய்யும் என் மச்சானிடம் பாதுகாப்பு அமைச்சின் அனுமதியோடு ஒரு ஸ்டெயின்லெஸ் ரிவோல்வர் இருந்தது. 1965இல் ஸ்மித் அன்ட் வெசன் தன் 60ஆம் மொடலை வெளியிட்ட பிறகு பரவிய வகை அது. "மச்சான், இதுக்குக் கறளே பிடிக்காது" என்று துடைக்காமலே இடுப்பில் கட்டித் திரிந்தார். குரோமியம் 10.5 வீதத்துக்கு மேல் கலந்த அந்த உருக்கு தானே மெல்லிய படலம் போர்த்துக்கொள்வது உண்மைதான். ஆனால் வியர்வையின் உப்பு அந்தப் படலத்தையும் துளைக்கும். பிடியைக் கழற்றியபோது, மரத்துக்கு அடியில் ஊசிமுனைக் குழிகள். உள்ளே இருந்த சுருள்வில் சாதாரண உருக்கு. அதில் நல்ல கறள்.

என்னிடம் கேட்டால், உடம்போடு ஒட்டிக் கிடக்கும் கைத்துப்பாக்கிக்கு ஸ்டெயின்லெஸ்தான். வியர்வையைத் தாங்குவதில் புளூயிங் அதற்கு ஈடாகாது. கீறல் விழுந்தாலும் தேய்த்துத் துலக்கலாம். திருகாணிகளுக்கு மட்டும் கிறீஸ் வேண்டும். ஸ்டெயின்லெஸ்ஸோடு ஸ்டெயின்லெஸ் உரசினால் கவ்விக்கொள்ளும். வீட்டில் வைத்து, தேவைக்கு எடுக்கும் காணித் துவக்குக்குக் கறுத்த குழலே போதும். இரவில் டோர்ச் வெளிச்சம் பட்டு மினுங்காதது கூடுதல் நன்மை.

நான் இப்போது செய்வது இதுதான். முதலில் திறந்து, தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பேன். பழைய சாரத் துண்டில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, விரல் பட்ட இடமெல்லாம் துடைப்பேன். தோல் உறை பயணத்துக்கு மட்டும். மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை இது தவறாது.

உங்களிடமும் வாப்பா காலத்துத் துவக்கு இருந்தால், அடுத்த மழைக்கு முன் இரு குழலுக்கும் நடுவிலுள்ள பட்டியோரத்தைப் பாருங்கள். ஈரம் தங்குவது அங்கேதான்.