இடைசெவலின் இரு சிறுவர்கள்

நுழையும்முன்

ஒருவருக்குக் கை முறிந்ததால் பள்ளி கிடைத்தது. மற்றொருவருக்குப் பள்ளிப் படிப்பு பாதியிலேயே நின்றது. ஒரே ஊரில், ஒரே மாதத்தில் பிறந்த இவ்விருவரும் தமிழ்ச் சிறுகதைக்கும் நாவலுக்கும் புதுவழி வகுத்தவர்கள். கு. அழகிரிசாமி, கி. ராஜநாராயணன் ஆகியோரின் இளமைக் காலத்தையும் அவர்கள் கற்ற வகையையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இராசபாளையத்துக்குத் தெற்கே மலையடிவாரத்தை ஒட்டி அமைந்த ஊர்களுள் ஒன்று தளவாய்புரம். அங்கிருந்து கிழக்கு நோக்கிச் செல்பவருக்கு மேற்குத்தொடர்ச்சி மலை மெல்ல மெல்லப் பின்னால் மறையும். தோப்புகள் குறையும், பருத்தியும் கம்பும் சோளமும் விளையும் மானாவாரிக் காடுகள் தொடங்கும். மழை பெய்தால் காலைப் பற்றிக்கொள்வதும், வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிப்பதும் அந்தக் கறுப்பு மண்ணின் இயல்பு. அக்கரிசல் நிலத்தில் கோவில்பட்டிக்கு அருகில் உள்ளது இடைசெவல். 1923ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் ஒரு வார இடைவெளியில் அவ்வூரில் இரண்டு குழந்தைகள் பிறந்தன. செப்டம்பர் 16இல் பிறந்தவர் ராஜநாராயணன். 23இல் பிறந்தவர் அழகிரிசாமி.

முன்னவர் நிலமுள்ள உழவர் குடும்பத்தில் பிறந்தவர். பின்னவரின் பெற்றோர் குருசாமி, தாயம்மாள் ஆகியோர் கைத்தொழில் செய்து வாழ்ந்த எளியவர்கள். அத்தகைய வீடுகளில் மகன் என்ன ஆவான் என்னும் கேள்வியே அந்நாளில் எழுவதில்லை. தந்தையின் கருவிகள் மகனுக்கு, அவ்வளவுதான். ஆனால், சிறுவயதில் நேர்ந்த விபத்தில் அழகிரிசாமியின் இடக்கை முறிந்து, வளைந்தபடியே நின்றுவிட்டது. இரண்டு கைகளும் இணைந்து இயங்கவேண்டிய குலத்தொழில் இனி அவருக்குக் கைகூடாது என்பது வீட்டாருக்குத் தெளிவாயிற்று. எழுதுகோலுக்கு ஒரு கை போதும் என்பதால் அவர் படிக்க அனுப்பப்பட்டார்.

இந்நிகழ்ச்சியை எண்ணிப் பார்க்கும்போது மகிழ்வதா, வருந்துவதா என்னும் தயக்கம் எழுவது இயல்பு. கை நலமாக இருந்திருந்தால் தமிழுக்கு ஓர் எழுத்தாளர் கிடைத்திருக்கமாட்டார் என்று சொல்லி நிறைவடைந்துவிட முடியாது. கை முறியாத எத்தனையோ சிறுவர்கள் அதே காலத்தில் பள்ளியின் வாசலையே காணாமல் வளர்ந்தார்கள் என்பதும் அந்நிகழ்ச்சிக்குள் அடங்கியிருக்கிறது. பிற்காலத்தில் அழகிரிசாமியின் கதைகளில் வரும் குழந்தைகளைப் படிக்கும்போது, அந்தச் சிறுவர்களை அவர் மறக்கவே இல்லை என்பது புலப்படும்.

ராஜநாராயணனின் வழி வேறு. உயர்நிலைப் படிப்பை எட்டுமுன்னரே அவருடைய பள்ளிவாழ்க்கை முடிந்துவிட்டது. இளமையில் காசநோயும் அவரைத் தாக்கியது. அக்காலத்தில் காசநோய் என்பது உயிருக்கு உலை வைக்கும் நோய். நெருங்கிப் பழகுவோரும் எட்டி நிற்கும் நோய். படிப்பும் இல்லை, உடல்வலிமையும் இல்லை என்ற நிலையில் கிராமத்து இளைஞர் ஒருவருக்கு மிஞ்சுவது என்ன? அவருக்குக் காது இருந்தது. திண்ணையிலும் களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் பெரியவர்கள் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். ஒரு சொல்லை யார், எப்போது, எந்த முகக்குறிப்போடு சொன்னார்கள் என்பது வரை அவர் மனத்தில் பதிந்தது. இசையும் அவ்வாறே வந்தது. விளாத்திகுளம் சுவாமிகளின் இசையில் தோய்ந்து, முறையாகப் பாடம் கேட்கும் அளவுக்கு அவர் ஈடுபாடு வளர்ந்தது.

பள்ளியிறுதி வகுப்பு வரை படித்தவரும் பாதியில் நின்றவரும் இரு வேறு உலகங்களில் பிரிந்துபோவதே பொதுவழக்கம். இவர்கள் பிரியவில்லை. ஒருவர் படித்த நூல் மற்றவர் கைக்குச் சென்றது. இரசிய எழுத்தாளர்களான செகாவும் கார்க்கியும் மின்விளக்கு இல்லாத அந்தச் சிற்றூருக்கு வந்துசேர்ந்தது இந்த நட்பின் வழியாகத்தான். அழகிரிசாமி பின்னாளில் கார்க்கியின் நூல்களைத் தமிழில் மொழிபெயர்க்கவும் செய்தார். குற்றாலத்தில் வாழ்ந்த இரசிகமணி டி.கே. சிதம்பரநாதரிடம் இருவரும் கம்பனைக் கேட்டார்கள். கவிதையை உரைகளின் சுமையின்றி வாய்விட்டுச் சொல்லிச் சுவைக்கக் கற்றுக்கொடுத்த ஆசான் அவர். அங்கே சான்றிதழ் கேட்பார் யாரும் இல்லை.

அழகிரிசாமி சார்பதிவாளர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். பத்திரங்களைப் படியெடுத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கலாம்; பணியைத் துறந்து சென்னைக்குச் சென்று இதழ்களில் சேர்ந்தார். ‘சக்தி’ இதழிலும், மலேயாவில் ‘தமிழ் நேசன்’ நாளிதழிலும், பின்னர் ‘நவசக்தி’யிலும் பணியாற்றினார். எங்கிருந்தாலும் இடைசெவலுக்குக் கடிதம் வரும். ராஜநாராயணனுக்கு அவர் எழுதிய அக்கடிதங்கள் பின்னர் நூலாகவே வெளிவந்தன. உலகியல் செய்திகளோடு இசை, இலக்கியம், படித்த நூல் ஆகியவை கலந்த அக்கடிதங்களை ஓர் அஞ்சல்வழிக் கல்வி என்றே கூறலாம். கற்பித்தவர் யார், கற்றவர் யார் என்று பிரித்தறிவதுதான் கடினம்.

குழந்தைகள் நிற்கும் இடம்

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையில் தீபாவளிக்கு முந்தைய நாள் ஏழைக் குடிசை ஒன்றின் முன் கந்தல் உடுத்திய, உடம்பெல்லாம் புண்ணான அநாதைச் சிறுவன் ஒருவன் வந்து நிற்கிறான். தன் பிள்ளைகளுக்கே புத்தாடை வாங்கப் பட்டபாட்டை மறந்து, அவனைக் குளிப்பாட்டிச் சோறிட்டு, கணவனுக்கென்று வைத்திருந்த துணியை அவனுக்கு உடுத்திவிடுகிறாள் அக்குடிசையின் தாய். அத்தாயின் பெயர் தாயம்மாள். அது ஆசிரியரைப் பெற்ற அன்னையின் பெயர் என்பதை அறிந்து படிப்பவருக்குக் கதை இன்னும் ஒரு படி நெருங்கிவரும். ‘அன்பளிப்பு’ கதையிலோ, பெரியவர் ஒருவர் பிற குழந்தைகளுக்குப் பரிசளிக்கும்போது விடுபட்டுப்போகும் சாரங்கன் என்னும் சிறுவனின் ஏக்கம் படிப்பவரை நிலைகுலையச் செய்கிறது. அக்கதையின் பெயரைத் தாங்கிய தொகுப்புக்கே அவருக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது.

‘குமாரபுரம் ஸ்டேஷன்’ இங்குத் தனியே குறிப்பிடத்தக்கது. கோவில்பட்டிக்கு அடுத்துக் காட்டுக்கு நடுவே நிற்கும் ஒரு சிறு தொடர்வண்டி நிலையம் அது. ஏறுவாரும் இறங்குவாரும் அரிதான அந்த நிலையத்தால் யாருக்கு என்ன பயன் என்று கேட்கத் தோன்றும். அங்கிருந்துதான் கிராமத்துச் சிறுவர்கள் சிலர் கோவில்பட்டியில் உயர்நிலைப் பள்ளியில் சேர்வதற்காக வண்டி ஏறுகிறார்கள். அச்சமும் ஆவலும் கலந்த அந்தச் சிறு பயணத்தைத் தம் இளமையில் தாமே அறிந்தவர் எழுதிய கதை அது.

ராஜநாராயணனின் ‘கதவு’ கதையிலும் குழந்தைகளே மையம். வேலை தேடி வெளியூர் சென்ற தந்தை, கூலிவேலைக்குச் செல்லும் தாய், வீட்டில் தனித்திருக்கும் சீனிவாசனும் லட்சுமியும். வீட்டுக் கதவே அவர்களுக்குப் பேருந்து. அதில் ஏறி ஆடுவதே விளையாட்டு. கண்டெடுத்த தீப்பெட்டிப் படம் ஒன்றையும் அதில் ஒட்டி மகிழ்கிறார்கள். தீப்பெட்டித் தொழில் செழித்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்குக் கிடைத்த அழகுப்பொருள் அதுதான். தீர்வைப் பாக்கிக்காக ஒருநாள் அந்தக் கதவு கழற்றி எடுத்துச்செல்லப்படுகிறது. விவசாயிகள் போராட்டத்தில் பங்கேற்றுச் சிறை சென்றவர் எழுதிய கதையில் முழக்கம் ஒன்றுகூட இல்லை. கதவில்லாத வீடு மட்டும் இருக்கிறது.

ராஜநாராயணன் எழுதத் தொடங்கியதே மிகத் தாமதமாகத்தான். அவருடைய ‘மாயமான்’ கதை ‘சரஸ்வதி’ இதழில் வெளியானது 1958இல். அப்போது அவருக்கு வயது முப்பத்தைந்து. பேச்சுவழக்கை உரையாடலில் மட்டும் அனுமதித்த காலத்தில், கதை சொல்லும் நடையையே கரிசல் மக்களின் பேச்சில் அமைத்தார். அதைக் கொச்சை என்று முகம் சுளித்தவர்களும் இருந்தனர். அவர் விடை கூறியது செயலால். இளமை முதல் காதில் சேர்த்துவைத்த சொற்களைத் திரட்டி 1982இல் வட்டார வழக்குச் சொல்லகராதி ஒன்றை வெளியிட்டார். தமிழில் அத்துறைக்கு அது முன்னோடி. அந்நூலின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏதோ ஒரு திண்ணையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த நோயாளி இளைஞரைக் காணலாம்.

அழகிரிசாமி 1970 சூலை 5ஆம் நாள் தம் 46ஆம் வயதிலேயே மறைந்தார். சாகித்திய அகாதெமி விருது அவர் மறைவுக்குப் பின்னரே அறிவிக்கப்பட்டது. காசநோயோடு போராடியவரோ அதன்பின் ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் அவருக்கும் அதே விருது கிடைத்தது. ஒரே சிற்றூரின் ஒரே தலைமுறையில் இருவர் அவ்விருதைப் பெற்றது அரிதினும் அரிது. உயர்நிலைப் பள்ளியைத் தாண்டாத ராஜநாராயணனைப் புதுவைப் பல்கலைக்கழகம் அழைத்துப் பேராசிரியர் பொறுப்பில் அமர்த்தியது. அங்கே மாணவர்களைக் கொண்டு நாட்டுப்புறக் கதைகளைத் திரட்டும் பணியில் அவர் ஈடுபட்டார். பட்டம் பெற வந்தவர்கள் கிராமத்துக் கிழவிகளிடம் கதை கேட்கப் புறப்பட்டார்கள்.

2021 மே 17ஆம் நாள் ராஜநாராயணன் புதுவையில் காலமானார். அவருடைய உடல் அரசு மரியாதையுடன் இடைசெவலிலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவருடைய நினைவைப் போற்றத் தமிழ்நாடு அரசு அறிவித்தவற்றுள், சிறுவயதில் அவர் பாதியில் விட்டுவந்த அந்த இடைசெவல் பள்ளியைப் புதுப்பிப்பதும் ஒன்று.