வெட்டிவேர் வாசம் யாருடைய வேலை?

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரியை எடுக்க வேண்டுமென்றால் 50 மீட்டருக்கும் மேலே மண்ணை வாரிக் கொட்டணும். அப்படிக் குவித்த மேட்டில் அடிமண் மேலே வந்துவிடும், நம்ம பாட்டன் பூட்டன் எருவிட்டு வளர்த்த மேல்மண் அடியில் புதைந்துபோகும். மணலும் களியும் இருக்கு, நுண்ணுயிர்தான் அற்பம். அதில் செடி எப்படிப் பிழைக்கிறது?

சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வாளர்கள் இதைத் தோண்டிப் பார்த்தார்கள். நெய்வேலியின் சுரங்க நிலத்திலும் கைவிடப்பட்ட சாம்பல் குட்டையிலும் தானாக முளைத்த செடிகளின் வேரைச் சோதித்து, செல்வம், மகாதேவன் இருவரும் 2002-இல் எழுதினார்கள். அவர்கள் தேடியது வேர்ப் பூசணம். நாம 'வேம்' என்று சொல்வோமே, அதுதான். வேருக்குள் பாதி, மண்ணுக்குள் பாதியாக வாழும் இந்தப் பூசணம், வேர் எட்டாத இடத்து மணிச்சத்தையும் நீரையும் இழுத்துக் கொடுத்து, கூலியாகச் செடியின் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது, வேருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில்தான் பார்க்கணும்.

சரி, மூலிகைக்கும் இதற்கும் என்ன? நெய்வேலிக்குக் கிழக்கே, கடலூர்க் கடலோர மணலில் வெட்டிவேர் போடுகிறார்கள். அந்த வேரின் விலையே எண்ணெயில்தான் இருக்கு. 2004-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஆடம்ஸ் குழுவினர் பாக்டீரியா, பூசணம் எதுவும் ஒட்டாத 'சுத்தமான' வெட்டிவேரை வளர்த்துப் பார்த்தார்கள். செடி வளர்ந்தது, எண்ணெயோ பேருக்குத்தான் இருந்தது. சாதாரண மண்ணில் வளர்ந்த வேரில் வழக்கம்போல எண்ணெய். 2008-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் அடுத்த படி போனார்கள். எண்ணெய் உண்டாகும் வேர்ப் பகுதிக்குள்ளேயே பாக்டீரியா குடியிருப்பதையும், அவை எண்ணெயின் கூறுகளை மாற்றுவதையும் காட்டினார்கள். வாசத்தில் செடிக்கு எத்தனை பங்கு, பாக்டீரியாவுக்கு எத்தனை பங்கு என்று பிரித்துச் சொல்வது சுலபமில்லை. ஆனால் கூட்டு வேலை என்பது தெளிவு.

இப்போ நம்ம பக்கம் பார்ப்போம். நாற்றை ரசாயனப் பூசணக்கொல்லியில் முக்கி எடுத்து நடச் சொல்கிறார்கள். கெட்டதோடு நல்லதும் சாகும். டி.ஏ.பி. அள்ளிப் போட்டால் இன்னொரு கேடு: மணிச்சத்து மலிந்த இடத்தில் செடி வேர்ப் பூசணத்தைச் சேர்த்துக்கொள்ளாது; கூலி கொடுத்து ஆள் வைக்க அதற்கு என்ன அவசியம்? வெட்டிவேர் அறுவடைக்கு ஜே.சி.பி. விட்டு ஆழமாகப் புரட்டுவதும் பூசண இழைகளை அறுத்துவிடுகிறது. நெய்வேலி மேட்டில் நடப்பதன் சின்ன வடிவம்தான் இது.

வேமைக் கடையில்தான் வாங்கணும் என்றில்லை. பல வருடம் உழாத வேலியோரத்துப் புல்லின் அடியிலிருந்து வேரோடு ஒரு கூடை மண் எடுங்கள். முழங்கால் ஆழக் குழியில் பாலித்தீன் விரித்து, மணலும் கொஞ்சம் மக்கிய எருவும் கலந்து, நடுவில் இந்த மண்ணை ஒரு அடுக்காகப் பரப்பி, சோளமோ மக்காச்சோளமோ விதையுங்கள். கடுகு வேண்டாம், அதன் வேரில் இந்தப் பூசணம் தங்காது. இரண்டு மூன்று மாதத்தில் தண்ணீரை நிறுத்தி, பத்து நாள் காயவிட்டு, தட்டையை அறுத்துவிட்டு வேரைப் பொடியாக நறுக்கி அதே மண்ணோடு கலக்குங்கள். நாற்று நடும் குழியில், வேரைத் தொடும்படி ஒரு கைப்பிடி. மேலே தூவினால் பயனில்லை.

நோய் இருந்த வயல் மண்ணை மட்டும் எடுக்காதீர்கள்; நூற்புழுவும் வாடல் நோயும் கூடவே பெருகிவிடும். முதல் தடவை நாலு பாத்தியில் போட்டு, நாலு பாத்தியைச் சும்மா விடுங்கள். அறுவடையில் இரண்டு வேரையும் தனித்தனியே எடைபோட்டு, ஒரே வாலையில் தனித்தனியே வடித்துப் பாருங்கள்.