கைசேதம்

பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் அமைந்த ஊர் லப்பைக்குடிக்காடு. ஆற்றைக் கடந்தால் திட்டக்குடி. முஸ்லிம்கள் மிகுதியாக வாழும் இத்தகைய ஊர்களின் தமிழில் 'கைசேதம்' என்றொரு சொல் உண்டு.

சேதம் என்பது வடசொல். அழிவு, இழப்பு எனப் பொருள்படும். கைப்பொருள், கைமுதல் என்பவற்றிற்போல, ஈண்டுக் கை என்பது தன்வசம் உள்ளதைக் குறிக்கும் எனலாம். ஆகவே கைசேதமாவது கையில் இருந்ததை இழத்தல். அதனால் எழும் வருத்தத்தையும் அச்சொல்லே உணர்த்தும். 'ஹஸ்ரா' என்னும் அரபுச் சொல்லைத் திருக்குர்ஆன் தமிழாக்கங்கள் சிலவற்றில் கைசேதம் என்றே பெயர்த்துள்ளனர்.

இரங்கற்பொருள் தரும் சொல் பழந்தமிழிலும் இருந்தது. மன் என்னும் இடைச்சொல் கழிவு, ஆக்கம், ஒழியிசை என்னும் மூன்று பொருளில் வரும் என்பர் தொல்காப்பியர். அதியமான் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாட்டில் அது கழிவுப் பொருளில் மீண்டும் மீண்டும் வருகிறது. முன்பு இருந்தது, இன்று கழிந்தது என்பதே அங்குக் கருத்து. யார் பிழையால் கழிந்தது என்னும் வினாவுக்கு அங்கு இடமில்லை.

கைசேதமோ அவ்வினாவை எழுப்பிவிடும். அவசரப்பட்டுப் பருத்தியை விற்ற உழவர் ஒருவர், மறுவாரமே விலை ஏறக் கண்டு, "கைசேதமாகப் போயிற்று!" என்கிறார் எனக் கொள்க. அதில் வருத்தம் உண்டு. தம்மைத் தாமே நகைக்கும் புன்முறுவலும் உண்டு. வாங்கிய வணிகரை அவர் பழிக்கவில்லை. புயலில் பயிர் இழந்தவர்க்கு இச்சொல் அத்துணைப் பொருந்தாது.

'கைசேதப்படுதல்' என வினையாகவும் வழங்கும். பாடத்தை நாளை படிக்கலாம் என ஒதுக்கும் பேரனிடம், "பின்னால் கைசேதப்படுவாய்" என்பார் பாட்டி. அப்போது அது எச்சரிக்கை. இழப்பு இன்னும் நேரவில்லை.