திருக்கோயிலைத் தாங்கும் பொளிகற்கள்

திருவிழாக் காலத்தில் பிரதக்ஷிணமாக வரும் சேவார்த்திகள் விமானத்தையும் கோபுரத்தையும் அண்ணாந்து சேவிப்பது இயல்பு. அவற்றைத் தாங்கி நிற்கும் கற்சுவரை உற்று நோக்குவோர் சிலரே. பாறையினின்று பிளந்து, உளியால் பொளிந்து, சதுரமாக்கிய கற்களால் ஆகியது அச்சுவர்.

கருங்கற் பாறையில் ஒரே கோட்டில் சிறு குழிகளை வெட்டி, இரும்பு ஆப்புகளை அறைந்தால், அக்கோட்டின் வழியே கல் பிளக்கும். அவ்வாறு பெற்ற கல்லின் மேற்புறத்தையும் அடிப்புறத்தையும் சிற்பிகள் மட்டம் பார்த்துச் சீர் செய்வர். கண்ணுக்குப் புலப்படாத இவ்விரு முகங்களிலேயே சுவரின் பலம் அடங்கியுள்ளது. அவை சமமாயிருப்பின் மேலுள்ள பாரம் கல் முழுவதும் பரவிக் கீழிறங்கும். சிறு மேடு இருப்பினும் பாரம் அவ்விடத்திலேயே குவிந்து கல் வெடிக்கக்கூடும். பழைய கற்றளிகள் பலவற்றில் சுண்ணச் சாந்தின் பிடிப்பை நம்பாமல், கற்கள் தம் எடையாலேயே நிலைபெற்றிருப்பது இவ்விதம் மட்டப்படுத்தியதனாலாகும். ஒரு வரிசையின் இணைப்பின் மீது அடுத்த வரிசைக் கல்லின் உடற்பகுதி அமையுமாறு வைப்பதும் மரபு.

உபானம், ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை என்னும் அதிஷ்டான உறுப்புகள் வெறும் அலங்காரமல்ல. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றிய கல்வரிசைகளே அவை. கல்லை நிலையில் வைத்த பின்னரே நுண்ணிய வேலை செய்வதும் உண்டு. ஆதலால் சில கோயில்களில் சிற்பவேலை முற்றுப்பெறாத பகுதிகளைக் காணலாம். வேலைப்பாடு குறைந்தும் அச்சுவர்கள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன. அடிமட்டம் குறைந்திருப்பின் அவை நின்றிரா.

இதற்கு ஸ்ரீரங்கத்துத் தெற்கு ராஜகோபுரமே சான்று. விஜயநகர வேந்தர் காலத்தில் தொடங்கிய அத்திருப்பணி, கல்காரம் எனப்படும் கல்லாலான அடிநிலையோடு நின்றுபோயிற்று. ஏறத்தாழ 400 ஆண்டுகள் மழையிலும் வெயிலிலும் அக்கற்கள் நிலைகுலையாது காத்திருந்தன. அஹோபில மடம் 44-ஆம் பட்டம் ஸ்ரீமத் அழகியசிங்கரின் பெருமுயற்சியால் 1979-இல் பணி மீண்டும் தொடங்கி, அந்தப் பழைய கல்காரத்தின் மீதே 13 நிலைகள் எழுந்தன. 236 அடி உயரமுள்ள அக்கோபுரத்திற்கு 1987 மார்ச் 25-இல் சம்ப்ரோக்ஷணம் நடைபெற்றது. முன்னோர் செய்த மட்டவேலை பின்னோரின் பாரத்தை ஏற்றுக்கொண்டது.

கல்லின் தன்மையும் கருதத்தக்கது. காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலில் 8-ஆம் நூற்றாண்டில் மணற்கல்லில் செதுக்கிய பல்லவர் வரலாற்றுச் சிற்பங்கள் பல தேய்ந்துள்ளன. கருங்கல் அத்துணை எளிதில் தேயாது. எனினும் அதற்கும் பகை உண்டு. இணைப்பில் விழும் அரச விதை முளைத்து, வேரூன்றிக் கற்களைப் பிரித்துவிடும். சுவரோரம் ஏற்றும் கற்பூரத்தின் சூட்டால் கல்லின் மேற்பரப்பு செதிலாகப் பெயரும். அதனுடன் அங்குள்ள சாசன எழுத்தும் போய்விடும். ஸ்ரீரங்கத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. ஒருமுறை அழிந்த எழுத்தை மீண்டும் பெற இயலாது.

ஆகவே அன்பர்கள் விளக்கையும் கற்பூரத்தையும் அவற்றிற்குரிய இடத்திலேயே ஏற்றுக. சுவரில் எண்ணெய் தடவுவதையும் பெயர் எழுதுவதையும் தவிர்க்க. கல்லிடுக்கில் செடி முளைத்திருக்கக் கண்டால் தாமே பிடுங்காமல் ஆலய நிர்வாகத்தாரிடம் உடனே தெரிவிக்க. பிரதக்ஷிணம் செய்வோர் எவர்க்கும் எளிதில் வாய்க்கும் பகவத் கைங்கர்யம் இது.