பெட்டிக்காரர்

மேலைநாட்டு இசையரங்குகளில் பாடகருக்குப் பியானோ வாசிப்பதும், அவருக்குக் குரற்பயிற்சி அளிப்பதும் தனித்தொழிலாகவே வளர்ந்துள்ளன. இங்கிலாந்தின் ஜெரால்டு மூர் (1899–1987) பாடகருக்குத் துணையாக வாசித்தே உலகப்புகழ் பெற்றார். நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்துத் தெருக்கூத்திலும் நாடகத்திலும் இப்பணியைச் செய்பவர் ஆர்மோனியக் கலைஞர். ஊரார் வழக்கில் 'பெட்டிக்காரர்'.

வேடம் கட்டியவர் திரைக்குள் நின்று குரலெடுக்கும்போது சுருதி தருபவர் இவர். பின்பாட்டும் பாடுவார். விடியும் வேளையில் நடிகரின் தொண்டை கட்டிக்கொண்டால், அடியை வாங்கித் தாமே பாடி அவருக்கு மூச்சுவிட இடம் கொடுப்பார். புதிய பையன்களுக்கு மெட்டுச் சொல்லித் தருபவரும் பல இடங்களில் இவரே. 'ஐந்து கட்டைச் சுருதி' என்கிறோமே, அக்கட்டை இவர் பெட்டியின் கட்டைதான். வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு என முழு எண். இடையிலுள்ள கறுப்பு, அரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்பு இல்லையாதலால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று கிடையாது!

கமகம் பேசாது என்று குறைகூறி அகில இந்திய வானொலி 1940இல் ஆர்மோனியத்தை விலக்கிற்று; 1971இல்தான் தடை தளர்ந்தது. குறை மெய்யே. ஆயினும் செங்கோட்டை கிட்டப்பா (1906–1933) நாடக மேடையில் பாடியபோது அவருக்கு வாசித்தது அப்பெட்டியே. வாசித்தவர் அவருடன் பிறந்த காசி ஐயர். கிட்டப்பாவை அறிந்த நம்முள் காசி ஐயரை அறிந்தவர் எத்தனை பேர்?

கல்வராயன் மலையடிவாரத்துக் கூத்தொன்றின் நோட்டீசில் வேடதாரிகள் பெயரெல்லாம் இருந்தன. பெட்டிக்காரர் பெயர் இல்லை. விடிந்தபின் அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டேன்.