லாரிக்கு மிலிட்டரி கனெக்டர்: வாங்குவதும் பொருத்துவதும்

பழைய விஜிஏ மானிட்டர் கேபிளைக் கவனித்திருப்பீர்கள். சொருகிய பிறகு இரண்டு பக்கமும் ஸ்குரூவை முடுக்க வேண்டும். மேசை மேல் அசையாமல் இருக்கும் கம்ப்யூட்டருக்கே இந்த ஏற்பாடு என்றால், நாள் முழுக்கக் குலுங்கும் லாரிக்கு?

எங்கள் ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை வட்டாரத்தில் குலுக்கல் மட்டும் பிரச்சினையில்லை. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புப் போட்டுத்தான் லாரியில் ஏற்றுவார்கள். அந்த உப்புநீர் சேஸிஸ் வரை கசியும். தோலில் முடி நீக்கச் சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரில் அமிலம் கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். செம்பும் வெள்ளியும் அதில் கறுத்துவிடும். பிறகு பிரேக் விளக்கு எரியும், எரியாது என்ற நிலை. பின்னால் பைக்கில் வருபவரின் உயிர் அதில் இருக்கிறது.

என் சித்தப்பாவின் லாரியில் கேபினிலிருந்து பின்பகுதிக்கு விளக்கு, ஜிபிஎஸ், சென்சார் ஒயர்கள் போகும் இடத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது டி38999 சீரிஸ் 3 வகை. அமெரிக்க ராணுவத் தர விதிப்படி செய்யப்படும் வட்ட வடிவ கனெக்டர் இது. பின்களுக்குத் தங்கமுலாம், பின்புறம் ரப்பர் அடைப்பு, ஒரே சுற்றில் பூட்டிக்கொள்ளும் மறை.

வாங்கும்போது பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பார்ட் நம்பரைச் சொல்லுங்கள். ஃபைல் பெயரைப் போலத்தான் அதுவும், ஒவ்வோர் எழுத்துக்கும் பொருள் உண்டு. ‘டி38999/26 டபிள்யூ சி 35 பி என்’ என்பதைப் பாருங்கள். 26 என்றால் ஒயர் முனையில் வரும் பிளக். டபிள்யூ என்பது ஆலிவ் பச்சைக் காட்மியம் பூச்சு. 500 மணி நேர உப்புத்தூவல் சோதனையைத் தாங்க வேண்டும் (காட்மியம் நச்சு, அரம் போட்டுத் தேய்க்காதீர்கள்). சி என்பது 13-ஆம் அளவுக் கூடு. 35 என்றால் அந்தக் கூட்டில் 22 பின்கள். பி பின்னைக் குறிக்கும். கடைசி என் சாவிப் பள்ளத்தின் நிலை. இதற்கு ஜோடியாக 24 என்ற எண்ணும், பி-க்குப் பதில் எஸ்ஸும் உள்ள சாக்கெட் வேண்டும்.

சென்னை ரிச்சி தெருவில் ‘ஏவியேஷன் பிளக்’ என்று ஜிஎக்ஸ்16 கிடைக்கும். பார்க்க ஒரே மாதிரிதான், ஆனால் சால்டர் வைக்கும் சாதாரண சாமான். அசலுக்குத் தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விநியோகஸ்தரிடமே போங்கள். ஒரு ஜோடிக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுத்துப் போலியை வாங்கக் கூடாது.

இந்தப் பின்னின் அளவு 22டி. ஒரு பின்னுக்கு 5 ஆம்பியர்தான். ஸ்டார்ட்டர் ஒயரை இதில் கொண்டுவர நினைக்கவே வேண்டாம். ஒயர் 22 முதல் 28 கேஜ் வரை. மேலுறையுடன் சேர்த்து 1.37 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். லாரிக் கடையில் விற்கும் பிவிசி ஒயர் பெரும்பாலும் ரப்பர் துளையில் நுழையாது. பலரும் திணறுவது இங்கேதான்.

பொருத்தும் முன் எக்ஸெலைத் திறந்து பின் எண், ஒயர் நிறம், எங்கிருந்து, எங்கே என்று நான்கு பத்திகள் போடுங்கள். பின் எண் பத்தியைத் தேர்வு செய்து கண்டிஷனல் ஃபார்மேட்டிங்கில் டூப்ளிகேட் வேல்யூஸ் கொடுத்தால் இரண்டு முறை வந்த எண் சிவப்பாகக் காட்டும். படம் முன்முகத்தைக் காட்டுவதாக இருந்தால், பின்பக்கத்திலிருந்து சொருகும் உங்களுக்கு இடம் வலம் மாறும்.

சால்டர் வேண்டாம். சால்டர் ஏறிய ஒயர் விறைத்து, குலுக்கலில் அந்த ஓரத்திலேயே ஒடியும். இதற்கென்று உள்ள நான்கு முனைக் கிரிம்பிங் கருவியால்தான் அழுத்த வேண்டும். கருவி விலை கூடுதல், இரவல் வாங்குவது உத்தமம். பின்னில் உள்ள ஆரஞ்சு, நீலம், கறுப்பு வளையங்கள் 360 என்ற எண்ணைச் சொல்லும், ரெசிஸ்டர் கணக்கேதான். சாக்கெட் பக்கத்துக்கு 348: ஆரஞ்சு, மஞ்சள், சாம்பல். பின்னின் சோதனைத் துளையில் செம்பு தெரிய வேண்டும். பிளாஸ்டிக் கருவியால் ‘கிளிக்’ கேட்கும் வரை தள்ளி, ஒயரை மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒயர் போகாத துளைகளையும் அடைப்பான் போட்டு மூடுங்கள், இல்லையேல் உப்புநீர் அந்த வழியில் வரும்.

கேபினுக்குள் நனையாத இடத்துக்கு இதெல்லாம் வீண் செலவு. டாய்ச் டிடி வகை பிளாஸ்டிக் கனெக்டரே போதும். டி38999-ஐப் பூட்டிய பிறகு சாக்கெட்டில் உள்ள சிவப்பு வளையம் முழுதாக மறைந்ததா என்று பாருங்கள். கொஞ்சம் தெரிந்தாலும் இன்னும் திருக வேண்டும்.