பேஸ் கிட்டாரைக் காதால் வாங்குவது எப்படி?

இந்த இதழுக்கு ‘ஒலி’ பாடத்திலிருந்து ஒரு கட்டுரை எழுதச் சொன்னார்கள் அறிவியல் டீச்சர். புத்தகத்தில் இருப்பதை அப்படியே எழுதி ஒட்டினால் ஒருத்தரும் நின்று படிக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் நான் கற்றுக்கொண்டிருக்கும் ஒரு கருவியை வைத்து எழுதுகிறேன். அது பேஸ் கிட்டார்.

மேடைக் கச்சேரியில் பார்த்திருப்பீர்கள். சாதாரண கிட்டாருக்கு ஆறு கம்பி. இதற்கு நாலே கம்பிதான், ஆனால் அதில் தடித்த கம்பி சைக்கிள் பிரேக் கம்பியைவிடத் தடிமன். கழுத்தும் நீளம். பார்த்திருக்கிறோம் என்பவர்கள் நிறையப் பேர். அதன் சத்தம் எது என்று கேட்டால் பாதிப் பேர் முழிக்கிறார்கள். என் பெஞ்சில் இருக்கிறவளே “அவர் சும்மா நின்னு தலையை ஆட்டுறார், சத்தமே வரலையே” என்றாள்.

சத்தம் வருகிறது. நமக்குத்தான் கேட்பதில்லை. அதற்குக் காரணம் பாடத்திலேயே இருக்கிறது. மனிதக் காது 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். பேஸ் கிட்டாரின் நாலு கம்பிகளின் அதிர்வெண் 41, 55, 73, 98. எல்லாமே அடிமட்டத்தில் இருக்கின்றன. 41 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்றில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். 340-ஐ 41-ஆல் வகுத்தால் 8 மீட்டருக்கு மேல் வரும். நம் வகுப்பறையின் நீளமே அவ்வளவு இல்லை! இவ்வளவு பெரிய அலையை உண்டாக்க நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். செல்போனில் இருக்கும் குட்டி ஸ்பீக்கரால் அது முடியாது. கோயில் கொடைக்கு மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கராலும் முடியாது. அதில் பாட்டின் வார்த்தை ரெண்டு ஊருக்குக் கேட்கும், பேஸ் கேட்காது. ராத்திரி கச்சேரிக்குப் பெரிய பாக்ஸ் வைப்பார்களே, அதன் முன்னால் நின்றால் நெஞ்சுக்கூட்டில் ‘கும் கும்’ என்று இடிக்கும். அதில் ஒரு பங்கு டிரம்ஸ், மறு பங்கு பேஸ்.

ஒரு வேடிக்கை என்னவென்றால், செல்போனில் கேட்டாலும் நமக்குப் பேஸ் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கும். 41-ல் அதிரும் கம்பி கூடவே 82, 123 என்று அதன் மடங்குகளிலும் அதிர்கிறது. அந்த மேல் ஒலிகள் மட்டும் காதுக்குள் வந்தாலும் நம் மூளை “அடியில் 41 இருக்கிறது” என்று தானே நிரப்பிக்கொள்கிறது. அதனால் ‘நல்ல ஸ்பீக்கர் இல்லை, எப்படிப் பழகுவது’ என்று கவலைப்பட வேண்டாம். நானும் செல்போனில்தான் பழகினேன்.

எனக்குச் சொல்லிக்கொடுப்பது என் மாமா. மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறார். ஆனால் முதல் இரண்டு மாதம் கருவியைக் கையில் தரவே இல்லை. “காது வந்த பெறகு கை தானா வரும், கேளு பிள்ள” என்று சொல்லிவிட்டார். அவர் வைத்த பயிற்சிகளை அப்படியே தருகிறேன். இதற்குக் காசு எதுவும் வேண்டாம்.

ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பாடுகிறவர் குரலை விட்டுவிடுங்கள். டிரம்ஸில் ‘தும்’ என்று காலால் மிதிக்கும் சத்தத்தை மட்டும் பிடியுங்கள். அந்தத் ‘தும்’மோடு ஒட்டிக்கொண்டு ‘ம்ம்ம்’ என்று ஒன்று வரும். அதுதான் பேஸ். முதல் வாரம் பேஸ் எங்கே வருகிறது, எங்கே நிற்கிறது என்று விரலை மடக்கினால் போதும். 1980-களில் இளையராஜா இசையமைத்த பாடல்களை இதற்கு எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் பேஸ் சும்மா தாளம் போடாது, பாட்டுக்குக் கீழே இன்னொரு பாட்டு மாதிரி நடந்து போகும். நான் பல வருஷம் கேட்ட பாட்டில்கூட, ‘இது இத்தனை நாள் எங்கே இருந்தது’ என்று ஆச்சரியப்பட்டேன்.

அடுத்து, கேட்ட பேஸை வாயால் முனக வேண்டும். பெண் பிள்ளைகள் குரல் அவ்வளவு கீழே போகாதே என்று கேட்பீர்கள். போக வேண்டாம். அதிர்வெண் இரண்டு மடங்கானால் அதே சுவரம்தான் மேலே வரும். 41, 82, 165, 330 எல்லாமே ஒரே சுவரத்தின் கீழ்ப்படி, மேற்படிகள். 330-ல் நாம் தாராளமாகப் பாடலாம்.

பிறகுதான் தூரம் அளப்பது. மாமா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து இரண்டு சுவரம் வாசிப்பார். இரண்டாவது மேலேயா கீழேயா, ஸா-பாவா, ஸா-மாவா என்று நான் சொல்ல வேண்டும். தினம் பத்துக் கேள்வி. முதல் வாரம் பத்துக்கு நாலு, இரண்டு மாதம் கழித்து ஒன்பது. கணக்கில்கூட நான் இப்படி ஏறியதில்லை. ஸாவை மனதில் நிறுத்த, கல்யாண வீட்டு நாதசுரத்தைக் கேளுங்கள். ஒத்து ஊதுபவர் ஒரே ஸாவை விடாமல் பிடித்திருப்பார். இப்போது பல இடங்களில் அதற்குப் பதில் சுருதிப் பெட்டி வைக்கிறார்கள், அதுவும் போதும்.

இந்த ஸா-மா எதற்கு என்றால், பேஸின் கம்பிகளே அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. தடித்த கம்பியை ஸா என்று பாடினால் அடுத்த கம்பி மா. அந்தக் கம்பியை ஸா ஆக்கினால் அதற்கு அடுத்தது மா. நாலு கம்பிக்கும் இதே தூரம்தான். சரிபார்க்க ஒரு வழி உண்டு. கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகளைப் பிரெட் என்பார்கள். (தின்கிற பிரெட் இல்லை!) தடித்த கம்பியை ஐந்தாம் பிரெட்டில் அழுத்தினால் 55 ஹெர்ட்ஸ் வரும். அடுத்த கம்பியைச் சும்மா விட்டாலும் 55 வர வேண்டும். ஒன்று 55, மற்றது 53 என்று இருந்தால் நொடிக்கு இரண்டு தடவை ‘வவ்... வவ்’ என்று ஒலி ஏறி இறங்கும். இதற்குப் பெயர் விம்மல். இரண்டு அதிர்வெண்ணின் வித்தியாசம் எவ்வளவோ அத்தனை விம்மல். சாவியை மெதுவாகத் திருகத் திருக விம்மல் நீண்டு நீண்டு, கடைசியில் நின்றுவிடும். நின்றால் சுருதி சேர்ந்துவிட்டது.

இவ்வளவும் வந்த பிறகுதான் கருவி வாங்குவதைப் பற்றியே பேசினோம். புதுசு எங்களுக்குக் கட்டாது. அம்மா இரண்டு ஆட்டுக்குட்டி விற்று 6,000 ரூபாய் தந்தார்கள். அதில் ஒரு கருவி வாங்கி அது உதவாமல் போனால் அடுத்த குட்டி வளரும் வரை காத்திருக்க வேண்டும். அதனால் பழைய பேஸை எப்படிச் சோதிப்பது என்பதை மாமா வாயிலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

முதலில் கண். ஆசாரி பலகையைத் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்ப்பது போலக் கழுத்தை நீளவாக்கில் பார்க்க வேண்டும். லேசாக முன்பக்கம் வளைந்திருக்கலாம், அது நல்லதுதான். கம்பி அதிர இடம் வேண்டுமே. முதல் பிரெட்டிலும் கடைசிப் பிரெட்டிலும் கம்பியை அழுத்திக்கொண்டால் கம்பி ஸ்கேல் மாதிரி நேராகிவிடும். அப்போது நடுவில், ஏழாம் எட்டாம் பிரெட் பக்கம், ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் சந்து இருந்தால் சரி. கூடக் குறைய இருந்தால், கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியின் திருகைத் திருப்பிச் சரிசெய்யலாம். ஆனால் கழுத்து முறுக்கிக்கொண்டிருந்தால், அதாவது ஒரு ஓரம் மேலும் மறு ஓரம் கீழும் போயிருந்தால், அதைத் தொடவே வேண்டாம். சாவிகள் இருக்கும் தலைப்பக்கத்தின் பின்புறத்தில் மயிர்க்கோடு மாதிரி விரிசலோ, பசை போட்டு ஒட்டிய தடமோ இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

பிறகு டேப். கம்பி தொடங்கும் இடத்திலிருந்து பன்னிரண்டாம் பிரெட் வரை அளந்தால், அது மொத்த நீளத்தில் பாதி. வழக்கமான பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது சுமார் 86 சென்டிமீட்டர். 30 அங்குலத்திலும் உண்டு. கை சின்னதாக இருப்பவர்களுக்கு அது வசதி.

இனிதான் காதுக்கு வேலை. பன்னிரண்டாம் பிரெட்டுக்கு நேர் மேலே கம்பியை விரலால் தொட்டும் தொடாமலும் வைத்து மீட்டினால் மணி மாதிரி ஒரு ஒலி வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுவரம் வர வேண்டும். அழுத்தும்போது ஏறி ஒலித்தால், கம்பி உட்கார்ந்திருக்கும் பிரிட்ஜ் கட்டையைப் பின்னால் நகர்த்த வேண்டும். இறங்கி ஒலித்தால் முன்னால். இது ஸ்குரூடிரைவர் வேலைதான், பயப்பட வேண்டாம். கட்டை ஏற்கெனவே ஒரேயடியாக முட்டி நிற்கிறது, நகர இடமே இல்லை என்றால்தான் யோசிக்க வேண்டும். கம்பி துருப்பிடித்துப் போயிருந்தாலும் இந்தச் சோதனை தப்பாகக் காட்டும்.

அடுத்து எல்லாப் பிரெட்டும். நாலு கம்பி, இருபது பிரெட் என்றால் எண்பது சத்தம். கடைக்காரர் முறைத்தாலும் எண்பதையும் கேட்க வேண்டும். ‘ஜிர்ர்’ என்று உரசுகிறதா, மற்ற இடத்தைவிடச் சீக்கிரம் அடங்குகிறதா என்று பார்க்க வேண்டும். மெல்லிய கம்பியில் ஐந்து முதல் ஏழாம் பிரெட் பக்கம் ஒரு சுவரம் சீக்கிரம் செத்துப்போவது நல்ல பேஸ்களிலும் உண்டு. கழுத்துக்கட்டையே அந்த அதிர்வை வாங்கிக்கொள்கிறது. அதற்காக ஒதுக்க வேண்டாம், விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

நாங்கள் பார்த்த முதல் பேஸ், டவுனில் ஒரு கடையில். சிவப்புக் கலரில் பளபளவென்று இருந்தது, 7,000 ரூபாய் சொன்னார்கள். தடித்த கம்பி எட்டாம் பிரெட்டிலிருந்து உரசியது. மெல்லிய கம்பியோ கழுத்தைவிட்டு வெகு உயரத்தில் நின்றதால், அழுத்தும்போது இழுபட்டுச் சுருதி ஏறியது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் கழுத்து முறுக்கியிருந்தது. “வாசிக்க வாசிக்கச் சரியாயிடும் பாப்பா” என்றார் கடைக்காரர். முறுக்கிய கட்டை வாசிப்பதால் எப்படி நேராகும்? மாமா வாயே திறக்கவில்லை, “நீயே சொல்லு” என்பது போல என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான்தான் சொன்னேன்.

இரண்டாவது, சர்ச்சில் வாசித்த ஒரு பெரியவருடையது. உடம்பெல்லாம் கீறல். ஒலி கூட்டும் திருகைத் திருப்பினால் ‘கரகர’ என்றது. அது தூசி, சுத்தம் செய்தால் போய்விடும். ஒரே ஒரு கம்பி ஒன்பதாம் பிரெட்டில் உரசியது. மாமா பிரிட்ஜ் கட்டையைக் கொஞ்சம் உயர்த்தியதும் நின்றது. எண்பது சத்தத்தையும் கேட்டுவிட்டு 5,500-க்கு முடித்தோம். “இந்தப் பிள்ள என்னைவிட நல்லாக் கேக்குதே” என்றார் அந்தத் தாத்தா.

பொம்பளப் பிள்ளைக்கு இது எதற்கு என்று சிலர் கேட்டார்கள். அவர்களுக்காக ஒரு தகவல். 1960-களில் அமெரிக்காவில் எத்தனையோ பாட்டுப் பதிவுகளுக்குப் பேஸ் வாசித்தவர் கரோல் கே என்ற பெண். ஏ.ஆர். ரகுமானுடன் மேடைகளில் வாசித்திருக்கும் மோகினி டே நம் நாட்டுப் பெண்தான், அப்பாவிடம் பேஸ் கற்றவர்.

கரண்டு விஷயத்தை விட்டுவிடக் கூடாது. பெட்டியில் இணைத்ததும் ‘ம்ம்’ என்று இரைச்சல் வந்து, கம்பியில் கை வைத்ததும் அது குறைந்தால் கருவிக்குள் எர்த் ஒயர் சரியாக இருக்கிறது என்று பொருள். கை வைத்ததும் இரைச்சல் கூடினால் ஒயரைத் தப்பாக இணைத்திருக்கிறார்கள். கையில் சுருக்கென்று ஷாக் அடித்தால் அந்த நிமிஷமே விட்டுவிட வேண்டும். பல இடங்களில் மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளைப் பிடுங்கிவிட்டு ரெண்டு முள்ளில் சொருகுகிறார்கள். பேஸ்காரர் விரல் நாள் முழுக்க உலோகத்தில்தான் இருக்கிறது. ஈரக்கையோடு வாசிக்கவே கூடாது.

கடைசியாக, விற்பவரிடம் எழுதி வாங்க வேண்டும். இசைக்கருவிகள் நிறையத் திருடு போகின்றன. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி 1961-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கிய பேஸ் 1972-ல் லண்டனில் திருடு போனது. அது அவரிடமே திரும்பி வந்துவிட்டது என்ற செய்தி 2024-ல்தான் வெளியானது. ஐம்பது வருஷத்துக்கு மேல்! நாங்கள் கோடு போட்ட தாளில் கருவியின் நிறம், பின்பக்கத்து எண், தேதி, விலை எல்லாம் எழுதித் தாத்தாவிடம் கையெழுத்து வாங்கி, ரேஷன் கார்டு இருக்கும் பைக்குள் வைத்திருக்கிறோம்.

கம்பிகளை இன்னும் மாற்றவில்லை. கழற்றி வெந்நீரில் கொதிக்கவைத்துத் துடைத்து மறுபடி கட்டினோம். அழுக்குப் போய்ச் சத்தம் தெளிந்துவிட்டது. (ரசம் வைக்கும் சட்டியில் இல்லை, வேறு சட்டியில்.) பேஸைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வரலாம். கையைக் கழுவி நன்றாகத் துடைத்துவிட்டு வரவும்.

— 9-ஆம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி